தலைப்பிரசவத்துக்கு வந்த வீடு

சாமியாத்தாள் வீட்டு இத்தாலிக் கண்ணாடி விளக்குக்கு அது ஏழாம் மாதம்.

பாலில் ரோஜா இதழைக் கரைத்த மாதிரி நிறம். ஒடிசலாக இருந்த வயிறு இப்போது பூசணிப் பிஞ்சு அளவுக்குத் திரண்டிருந்தது. மசக்கையில் மூன்று மாதம் சுவிட்சைப் போட்டாலும் மினுக்கி மினுக்கி அணைந்துகொண்டிருந்தவள், இப்போதுதான் நின்று எரிகிறாள். பக்கத்தில் நிற்கும் பித்தளை மேசை விளக்கு புருஷன். இரண்டையும் குன்னூர் பங்களா ஏலத்தில் ஜோடியாக எடுத்தது. பித்தளை ஆள் தங்கமானவன்தான். புளி போட்டுத் தேய்த்தால் பளபளப்பான், மற்றபடி ஒரு காரியத்துக்கும் ஆகமாட்டான்.

கோபிப் பக்கம் ஒரு முறை உண்டு. ஏழாம் மாதம் பிறந்த வீட்டார் கட்டுச்சோறு கொண்டுவந்து ஊட்டி, பெண்ணைப் பிரசவத்துக்கு அழைத்துப் போக வேண்டும். அவர்கள் வராவிட்டால் ஊர் சிரிக்கும். வந்தாலோ மருமகளைக் கடல் தாண்டிக் கொண்டுபோய்விடுவார்கள். சாமியாத்தாளுக்கு இந்த இரண்டாவதுதான் கவலை. அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துப் பழகியவள் அவள். மருமகள் திரும்பி வராவிட்டால் தாங்காது.

"ஏனுங்க, போனா அனுப்பி வெப்பாங்களா?"

"மொதல்ல வரட்டும்" என்றார் அவள் வீட்டுக்காரர் குழந்தைவேலு. விளக்கைத் தலைகீழாக்கி, அடியில் ஒட்டியிருந்த காகிதத்து விலாசத்தைப் பார்த்து ஒரு கார்டு எழுதிப் போட்டார்.

இருபதாம் நாள் பதில் வந்தது. மாசமாக இருக்கிற பெண்ணைக் கப்பலில் குலுக்க மனசில்லை, அதனால் வீடே கிளம்பி வருகிறது, உங்கள் ஊரில் வாய்க்கால் உண்டா என்று கேட்டிருந்தார்கள். உண்டு, தை முடிய தண்ணீர் விடுவார்கள் என்று குழந்தைவேலு எழுதினார்.

ஒரு வியாழக்கிழமை காலை வீடு வந்தது. மூன்று மாடி, பச்சை ஜன்னல்கள், மாடியில் காயப்போட்ட துணி. பாலத்துக்கு அடியில் மட்டும் கொஞ்சம் குனிந்து வந்தது. வாய்க்கால் காவல்காரர் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்.

"மடைய மறைக்காம நிறுத்தச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதலில் இறங்கியது விளக்கின் அம்மா, கண்ணாடி உலை. சூடு அதிகம் என்பதால் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டார்கள். கொடுத்த மோர் ஆவியாய்ப் போனது. உலை இன்னொரு சொம்பு கேட்டு வாங்கிக்கொண்டது. கூடவே தாய்மாமன் பியேத்ரோ, தோளில் கண்ணாடி ஊதும் குழலோடு. கட்டுச்சோறு ஐந்து வகை கொண்டுவந்திருந்தார்கள். எலுமிச்சை, புளி, தேங்காய், எள்ளு, தயிர், எல்லாமே கண்ணாடியில் ஊதியது. தாளித்த கடுகுகூடத் தனித்தனியாக இருந்தது. விளக்கு மூன்று வாய் வாங்கிக்கொண்டது. குழந்தைவேலுவும் ஒரு பருக்கை கடித்துப் பார்த்தார்.

"புளிச்சோத்துல உப்புக் கம்மிங்க" என்றார்.

"அம்மா கைப்பக்குவம் அப்படித்தானுங்க" என்றார் பியேத்ரோ.

சாமியாத்தாள் அடக்க முடியாமல் கேட்டேவிட்டாள். "பெத்துப் பொழச்சதும் என்ற மருமகளக் கொண்டாந்து உட்ருவீங்கல்ல?"

பியேத்ரோ உலையைப் பார்த்தார். உலை நெருப்பைத் தணித்துக்கொண்டது. "மறுபடி வர்றதுக்குத் தண்ணி இருக்கோணுமுங்களே" என்றார் அவர்.

சாமியாத்தாளுக்குச் சுரீரென்றது. அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. ஆனால் அவள் சண்டை போடவில்லை. இலை போட்டாள்.

"வந்தவங்க சாப்புடாமப் போறதா? ஒரு வாய் சாப்புட்டுப் போலாமுங்க."

வெள்ளிக்கிழமை ஒப்புட்டு. சனிக்கிழமை சுடச்சுடப் பிழிந்த சந்தவை. ஞாயிறு அவள் தம்பி வீட்டில் கோழி. திங்கள், தம்பி மனைவியின் அக்கா வீட்டில் விருந்து. மறுத்தால் அவர்கள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள் என்றாள். பியேத்ரோ இடுப்பு வாரை இரண்டு ஓட்டை தள்ளிப் போட்டார். தினமும் காலையில் கிளம்புகிறோம் என்பார், தினமும் மத்தியானம் இலைமுன் உட்கார்வார். இப்படியே தை கழிந்தது. மாசி முதல் தேதி அணையை மூடினார்கள். வாய்க்காலில் தண்ணீர் வடிந்து, வீடு மெதுவாகச் சேற்றில் உட்கார்ந்துவிட்டது.

"அடடா" என்றாள் சாமியாத்தாள். அன்றைக்கு அவள் இரண்டு தோசை கூடச் சாப்பிட்டாள்.

மருமகள் பிறந்த வீட்டுக்குப் போனாள். கூப்பிடு தூரம். தலையணையில் வைத்துத் தூக்கிக்கொண்டு, இரண்டு வாழைத்தோட்டம் தாண்டினால் போதும்.

பங்குனியில், ஒரு மாலை ஐந்து மணிக்கு, வலி கண்டது. அடுப்பு வேலையை அப்படியே போட்டுவிட்டு, பித்தளை ஆளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு சாமியாத்தாள் ஓடினாள். இரண்டாவது மாடியில் உலை பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டது. போன ஐந்தாவது நிமிஷம் சுகப்பிரசவம்.

குழந்தை ஜன்னல். ஒரு சாண் உயரம், அம்மாவின் ரோஜா நிறக் கண்ணாடி, அப்பாவின் பித்தளைத் தாழ்ப்பாள்.

ஆனால் அது அழவில்லை. பியேத்ரோ ஊதிப் பார்த்தார், கண்ணாடியில் ஆவி படிந்தது. மருமகளின் வெளிச்சம் பதறித் துடித்தது.

"தாப்பாப் போட்டிருந்தா எப்புடி அழுவும்?" என்று சாமியாத்தாள் குழந்தையை வாங்கி, வாய்க்கால் பக்கமாகத் திருப்பி, தாழ்ப்பாளை நீக்கினாள்.

குழந்தை வீறிட்டது. திறந்த கதவு வழியாகக் கடல் வந்தது. முதலில் ஒரு சொம்பு, பிறகு ஒரு குடம், பிறகு கணக்கில்லாமல். வாய்க்கால் இரண்டு கரையும் முட்ட நிறைந்தது. வீடு சேற்றிலிருந்து எழுந்து, ஒருமுறை ஆடி, கிளம்பியது.

சத்தம் கேட்டு ஓடிவந்த குழந்தைவேலு கரையில் வீட்டோடு கூடவே நடந்தார். காவல்காரர் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்தார்.

"உப்புங்க. தென்னைக்கு ஆகும், நெல்லுக்கு ஆகாது."

இரண்டாவது மாடியில் சாமியாத்தாள் மருமகளை ஒரு கையில் அணைத்து, பேத்தியைத் தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்தபடி நின்றாள்.

"ஏனுங்க, அடுப்புல பால் இருக்குது. பொங்கறதுக்குள்ள எறக்கிருங்க!"

குழந்தைவேலு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தன் வீட்டைப் பார்த்து ஓடினார்.