படுத்திருக்கும் படம்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. யாருடைய பொறாமை என்று கேட்காதீர்கள். இப்போதைக்கு ரிஹானாவுடையது என்று வைத்துக்கொள்வோம். பிரிக்ஃபீல்ட்ஸில், ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் சின்ன மென்பொருள் கம்பெனியில் அவள் வேலை செய்கிறாள். கிள்ளான் துணி வியாபாரிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஓர் அரட்டைச் செயலி கேட்டிருந்தார்கள். உறுப்பினர்கள் போடும் முகப்படத்தைச் சுருக்கி வட்டத்துக்குள் அடக்கும் வேலையை ரிஹானா மூன்று வாரம் செய்தாள். அதையே, அங்கேயே வேலை செய்யும் ஆஷிக் இரண்டு நாளில் செய்தான்.

"ஆஷிக்கோடதையே போட்டுடலாம். ஃபாஸ்ட்டா இருக்கு லா," என்றார் முதலாளி கிரிதரன்.

2

நான் எழுதிய முதல் தொடக்கம்: ஆஷிக் தலைக்கனம் பிடித்த—

அடித்துவிட்டேன். அவன் அப்படி இல்லை.

இரண்டாவது: முதலாளியிடம் குழைந்து குழைந்து ஆஷிக்—

அதுவும் பொய். மதியம் லுஹர் தொழ இடமில்லாமல் ரிஹானா மாடிப்படியில் நின்றதைப் பார்த்து, யாரும் சொல்லாமலே ஸ்டோர் ரூம் பெட்டிகளை நகர்த்திப் பாய் விரித்துக் கொடுத்தவன் அவன். [இதைச் சேர்க்காமல் விடத்தான் பார்த்தேன். ஒருவர் செய்த நன்மையை மறைப்பதும் திருட்டுத்தான் என்று தோன்றியது.]

கதைக்குள் அவன் பேச்சுகூட ரிஹானாவின் பேச்சைவிட நன்றாக வருகிறது. எனக்கு அதுவும் பிடிக்கவில்லை.

3

நிமிர்த்திப் பிடித்து எடுத்தாலும் பல கைபேசிகள் படத்தைப் படுக்கவைத்தே சேமிக்கின்றன. கூடவே, 'காட்டும்போது நிமிர்த்திவிடு' என்று கண்ணுக்குத் தெரியாத ஒரு குறிப்பையும் வைக்கின்றன. ஆஷிக்கின் நிரல் படத்தைச் சுருக்கும்போது அந்தக் குறிப்பைத் தூக்கி எறிந்துவிடுகிறது.* படம் படுத்தபடியே வருகிறது.

திங்கட்கிழமை ரிஹானா இதைக் கண்டுபிடித்தாள். நான்கு வரியில் திருத்தமும் எழுதினாள். ஆஷிக்கிடம் சொல்லவில்லை. புதன்கிழமை செயலியைப் பார்க்க வியாபாரிகள் வருகிறார்கள். அவர்கள் முன்னால் அவன் விழிக்கட்டும் என்று நினைத்தாளா என்றால்—

ஆமாம். அப்படித்தான் நினைத்தாள்.

* அவன் சோதித்த படங்களில் அந்தக் குறிப்பே கிடையாது. யாருக்கும் நேரக்கூடிய பிழை. இந்த அடிக்குறிப்பை எழுத எனக்கு மனமே வரவில்லை.

4

புதன்கிழமை துணி வியாபாரிகள் சங்கத் தலைவர் ஜெய்னுலாபுதீன் ஹாஜியார் வந்தார். தன் கைபேசியிலிருந்து ஒரு படத்தை ஏற்றினார். வட்டத்துக்குள் ஓர் அம்மா வலப்பக்கம் சரிந்து படுத்திருந்தார்.

"என்ன அங்கிள், ஆன்டி ரெஸ்ட் எடுக்கிறாங்களா?" கிரிதரன் சிரித்துச் சமாளித்தார்.

"என் வூட்டுக்காரங்க. முத்து பீவி. மவுத்தாகி மூணு மாசம் ஆச்சு." ஹாஜியார் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கபுர்க் குழியில இறக்குனப்ப இப்படித்தான் வச்சோம். வலப்பக்கமா சாய்ச்சு."

"என் தப்பு ஹாஜியார். மன்னிச்சுக்குங்க," என்றான் ஆஷிக்.

ரிஹானா எழுந்தாள். "நான் சரி பண்றேன்."

மூன்றே நிமிடத்தில் முத்து பீவி நிமிர்ந்து பார்த்தார்.

"அல்லாஹ் உனக்கு பரக்கத் செய்யட்டும்மா." ஹாஜியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இனிமே இந்தப் பார்ட் ரிஹானா பொறுப்பு," என்றார் கிரிதரன்.

ஆசைப்பட்டது எல்லாம் கிடைத்துவிட்டது. நான்— அவள் ஆஷிக்கைப் பார்க்காமல் கணினியை மூடினாள்.

5

முடிவு ஒன்று: ரிஹானா திங்கட்கிழமையே சொல்லிவிடுகிறாள். அழகான முடிவு. நடக்கவில்லை.

முடிவு இரண்டு: யாருக்கும் எதுவும் தெரியவரவில்லை. பொறாமைக்குச் சம்பள உயர்வு கொடுத்த கதையாகிவிடும். நான் எழுத மாட்டேன்.

நடந்தது இது. மாலை, கிள்ளானுக்குத் திரும்பும் ரயிலில் ஆஷிக்கின் செய்தி வந்தது.

"அக்கா, இன்னிக்கு என்னைக் காப்பாத்திட்டீங்க. தேங்க்ஸ் கா."

கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று.

"உங்க நாலு வரி ஃபிக்ஸைத் தொறந்து படிச்சுக்கிட்டிருக்கேன். எழுதின தேதி திங்கட்கிழமைன்னு காட்டுது. உங்க கம்ப்யூட்டர் கடிகாரம் ராங்கா கா?"

ஆமாம் என்று ஒரு சொல் போதும். அவன் தெரியாமல் கேட்கிறானா, தெரிந்துகொண்டே நான் தப்பிக்க ஒரு கதவைத் திறந்துவைக்கிறானா? இரண்டாவது என்றால், அந்த மனசைப் பார்த்தும் பொறாமைப்படுகிறேன்.

'ஆமாம்' என்று மூன்று முறை எழுதி அழித்துவிட்டேன். ரிஹானா என்ற பெயரை இனி எடுத்துவிடலாம். பதிலை நீங்கள் எழுதுங்கள், வாசகரே. சீக்கிரம். நான் படித்துவிட்டேன் என்பது அவனுக்குத் தெரியும்.

[                              ]