மடித்து வைத்த வெளிச்சம்

தையல்காரியின் இடது கண்ணுக்குள் ஏழு நிமிஷத்துக்கு வரும்படியான வெளிச்சம் மடித்து வைக்கப்பட்டிருந்தது. ஏழு என்று கணக்குச் சொன்னவள் அவளேதான். முப்பத்தெட்டு வருஷம் பள்ளிச் சீருடை தைத்தவள். துணியில் அவள் அளவு தப்பியதில்லை, வெளிச்சத்திலும் தப்பவில்லை. வளர்கிற பிள்ளைக்குத் தைக்கும்போது ஓரத்தில் இரண்டு விரல் துணியை உள்ளே மடித்து விடுவது அவள் வழக்கம். பிள்ளை வளர்ந்ததும் தையலைப் பிரித்துவிட்டால் அதே கால்சட்டை இன்னொரு வருஷம் ஓடும். கையில் இருப்பதை அன்றைக்கே தீர்த்துவிடுகிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகவே ஆகாது.

அவள் கண்ணில் கோளாறு இருப்பது, ஒரு சட்டைக்கு இரண்டு இடது கைகளை வைத்துத் தைத்தபோதுதான் தெரிந்தது. சட்டைக்காரர் நல்ல மனிதர். போட்டுப் பார்த்துவிட்டு, கை தட்டும்போது மட்டும் கொஞ்சம் இழுக்கிறது என்றார். வயதானால் வருவதுதான், பார்வையின் நடுப்பகுதி தேய்கிறது என்றார் கண் டாக்டர். அதே கோளாறு அவளுடைய அக்காவுக்கு வந்து ஆறு வருஷமாகி, முற்றியும் போயிருந்தது. கல்யாணம் காட்சி எதுவும் இல்லாமல் சின்ன வயசிலிருந்து ஒரே வீட்டில் முட்டி மோதிக்கொண்டு வாழ்ந்தவர்கள் இருவரும். அக்காவுக்கு மனிதர்கள் என்றால் இரண்டு காதும் கொஞ்சம் தலைமுடியும்தான். முகம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு அழுக்கு. ஒரு தடவை, தைத்து மாட்டியிருந்த கோட்டை விருந்தாளி என்று நினைத்து உட்காரச் சொன்னாள். அது மரியாதைக்குக்கூடப் பதில் சொல்லவில்லை என்று ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் இதற்கென்று ஒரு விளக்கு வந்திருந்தது. முகவாயைத் தாங்கியில் வைத்து உட்கார்ந்தால், மஞ்சளும் சிவப்புமாகச் சில நிமிஷம் கண்ணுக்குள் வெளிச்சம் போகும். ஒன்பது தடவை உட்கார வேண்டும். நான்கு மாதம் கழித்து மறுபடியும் ஒன்பது. டாக்டர் இருவரையும் சோதித்துவிட்டு தங்கைக்கு மட்டும் எழுதிக் கொடுத்தார்.

"இருக்கிறதைக் காப்பாத்தத்தாம்மா இந்த விளக்கு. அடியோட போனதைக் கொண்டுவராது. அக்காவுக்கு ரொம்ப லேட்டாயிடுச்சு."

"விடுங்க டாக்டர், எல்லாம் பார்த்துச் சலிச்ச மூஞ்சிங்கதானே" என்றாள் அக்கா. பஸ்ஸில் வீடு வரைக்கும் சிரித்துப் பேசிக்கொண்டே வந்தாள்.

அன்று மத்தியானம் மிஷின் பக்கத்தில் கண்ணயர்ந்த தையல்காரி, முகத்தில் விரல் ஊர்வதை உணர்ந்து விழித்தாள். அக்கா அவள் நெற்றியிலிருந்து முகவாய் வரை தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூக்கருகில் வந்ததும் விரல் தயங்கி, மறுபடி நெற்றிக்குப் போய் முதலிலிருந்து தொடங்கியது. தையல்காரி தூங்குவதுபோலவே கிடந்தாள்.

மறுநாளிலிருந்து விளக்கின் முன் உட்காரும்போதெல்லாம் வெளிச்சத்தின் ஓரத்தில் இரண்டு விரல் அளவை உள்ளே மடித்து விட்டாள். மடித்த அளவுக்குத் தன் பார்வையில் குறையும் என்பது அவளுக்குத் தெரியும். விளக்கைப் பார்த்துக்கொள்ளும் பெண் மட்டும், "கண்ணை இறுக்காதீங்கம்மா, லூசா விடுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒன்பதும் முடிந்து எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னபோது, மற்றவர்கள் முன்னைவிட ஐந்தெழுத்து கூடுதலாகப் படித்த இடத்தில் இவள் இரண்டுதான் படித்தாள். சிலருக்கு அப்படித்தான் என்றார் டாக்டர். பொத்தானுக்குக் காஜா எடுக்கிற வேலையை அதோடு விட்டுவிட்டாள். நேர்த்தையல் மட்டும் ஓடியது.

ஒரு காலை நேரம் அக்காவை முக்காலியில் உட்கார வைத்து, நெற்றியோடு நெற்றி முட்டும்படி எதிரில் உட்கார்ந்து, உள்ளே மடித்திருந்ததைப் பிரித்து விட்டாள். அக்காவின் கன்னத்தில் முதலில் சிவப்பு படர்ந்தது, பிறகு மஞ்சள். பிறகு அக்கா தலையைப் பின்னுக்கு இழுத்தாள்.

"என்னடி, இப்படிக் கிழவியாயிட்டே!"

"நீ மட்டும் குமரியாக்கும்?" என்றாள் தையல்காரி. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. ஐந்து நிமிஷம் மிச்சமிருக்கும்போது, உன் முகத்தையும் ஒரு தடவை பார்த்துக்கொள் என்று சுவரிலிருந்த கண்ணாடியைக் கழற்றி நீட்டினாள். அக்கா அதைக் கவிழ்த்து மடியில் வைத்துவிட்டாள்.

"அதுல போய் வீணாக்குவாங்களா? நீ ஆடாம உட்காரு."

மிச்சமிருந்த ஐந்து நிமிஷமும் அக்கா வேறெங்கும் பார்க்கவில்லை.

விஷயம் வெளியே கசியாமலா இருக்கும்? அதே விளக்குக்கு வர ஆரம்பித்திருந்த சட்டைக்காரர் தன் தம்பிக்காக மடித்தார், ஒரு பஸ் டிரைவர் தன் மனைவிக்காக மடித்தார். நோயாளிகள் வெளிச்சத்தை வீட்டுக்கு எடுத்துச் செல்லக் கூடாது என்று ஆஸ்பத்திரி சுவரில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். சின்ன எழுத்து. அங்கே வருகிற யாராலும் அதைப் படிக்க முடியவில்லை. அக்கா இப்போது தங்கையை வருஷத்துக்கு மூன்று தடவை, தடவைக்கு ஏழு நிமிஷம் பார்க்கிறாள். மற்ற நாளெல்லாம், அந்தக் கோட்டைக் கொண்டுபோய் வாசலில் மாட்டியது யார் என்று இருவரும் சண்டை போடுகிறார்கள்.