ஓயாத லேத்து

சத்யப்பிரியா என்கிற அந்தப் பெண், இரும்பு கடையும் என் லேத்து மெஷினில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு பெட்டியை ஒட்டியபோதே எனக்குப் பிடிக்கவில்லை. சிறு பட்டறைகளை டிஜிட்டலுக்கு மாற்றிக் கொடுக்கும் ஏதோ ஒரு திட்டத்திலிருந்து வந்திருந்தாள். ஒரு பைசா செலவு கிடையாதாம். சும்மா கொடுக்கிறவனைக் கண்டால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும்.

மெஷின் எந்நேரம் ஓடுகிறது, எந்நேரம் நிற்கிறது என்று போனிலேயே பார்க்கலாமாம். சிதம்பரத்தில் பட்டறையிலேயே கிடக்கிறவன் நான், எனக்கு எதற்கு அது? வேறு யார் பார்ப்பார்கள் என்று கேட்டேன்.

“கடலூர் பம்பு கம்பெனியும் பாக்கும் சார். நேரம் மட்டுந்தான்.”

அப்படி வா வழிக்கு என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் கம்பெனிக்குத்தான் நான் ஷாஃப்ட் கடைந்து கொடுக்கிறேன். ஒரு நாள் வேலை என்று சொல்வதை அரை நாளில் முடிக்கிறேன் என்று தெரிந்தால் ரேட்டில் கை வைக்காமல் விடுவானா? பெட்டி வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. புது மாடல் பம்புக்குப் பெரிய ஆர்டர் வரப்போகிறது. பெட்டி வைத்த பட்டறைக்குத்தான் என்று கம்பெனி சொல்லிவிட்டது. அது வராவிட்டால் என்னிடம் லேத்து ஓட்டும் காத்தவராயனை வேலைக்கு வைத்துக்கொள்ள எனக்கு வழியில்லை. அவன் கை பட்ட ஷாஃப்ட் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அப்படிப்பட்டவன் வேலையில்லாமல் பாதி நாள் உட்கார்ந்திருந்தான்.

எங்கள் தொழிலில் எவனும் சும்மா இருக்கிறேன் என்று ஒப்புக்கொள்ளமாட்டான். ஈ ஓட்டிக்கொண்டிருந்தாலும் மூச்சுவிட நேரமில்லை என்றுதான் சொல்வோம். பெட்டியிடமும் அதையே சொல்லிவிட்டால் போகிறது. கம்பெனி வேலை முடிந்ததும் கழித்துப் போட்ட ஷாஃப்டை மாட்டிக் கடைந்துகொண்டே இருக்கும்படி காத்தவராயனிடம் சொன்னேன். மெஷின் நிற்கவே கூடாது.

அவன் முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் கடைந்தான். எதற்கும் உதவாத இரும்பு சுருள் சுருளாக உதிர்ந்து கிடப்பதைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது. ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டான்.

“நாளெல்லாம் குப்பையக் கடையிறேண்ணே. யாரு பாக்குறதுக்கு?”

எல்லாம் உனக்காகத்தான்ப்பா என்றேன். ஆனால் அவனையும் நான் நம்பவில்லை. அந்தப் பெண்ணிடம் உளறிவிடுவானோ என்று, அவள் வரும்போதெல்லாம் அவனை டீ வாங்க அனுப்பினேன்.

என் மனைவியின் தம்பி செந்தமிழ்செல்வன் கடலூரில் இதே வேலை செய்கிறான். அவன் பட்டறையிலும் பெட்டி வைத்திருந்தார்கள். மெஷின் பாதி நேரம் நிற்பதை அப்படியே காட்டிக்கொண்டிருந்தான். பிழைக்கத் தெரியாதவன் என்று மனைவியிடம் சொல்லிச் சிரித்தேன்.

மாதக் கடைசியில் சத்யப்பிரியா வந்தாள். என் லேத்து மாதிரி ஓயாமல் ஓடுகிற லேத்தை அவள் எங்கேயும் பார்த்ததில்லையாம். ஆர்டர் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

“உங்களுக்கு ஏது சார் நேரம்? எந்தப் பட்டறைல மெஷின் சும்மா நிக்குதோ, அங்க குடுக்கத்தான் இந்தப் பெட்டியே. செந்தமிழ்செல்வன் சாருக்குப் போயிடுச்சி.”

ரேட்டைக் குறைத்தார்களா என்று கேட்டேன். அதே ரேட்டுதான், அதில் யாரும் கை வைக்கவில்லை என்றாள். கடைந்ததெல்லாம் பழைய இரும்பு என்று எந்த முகத்தோடு அவளிடம் சொல்வேன்?

அவள் போனதும் மச்சான் போன் செய்தான். பெருமையடிக்கப் போகிறான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்தேன். அவனோ தயங்கித் தயங்கிப் பேசினான்.

“மாமா, எனக்கு ஆளு பத்தல. காத்தவராயன் முந்தாநாளே வந்து வேல கேட்டாரு. ஒங்களுக்கே வேல ஜாஸ்தி, எப்புடி உடுவீங்கன்னு நான் சரின்னு சொல்லல.”

திரும்பிப் பார்த்தேன். காத்தவராயன் தலைநிமிராமல் அந்தக் கழிசல் ஷாஃப்டைக் கடைந்துகொண்டிருந்தான். போய் மெஷினை நிறுத்தினேன்.

“இங்க வேல இல்ல மச்சான். கூட்டிக்கினு போ,” என்றேன்.

வேலை இல்லை என்பதை ஒரு மாதம் முன்பே அந்தப் பெட்டியிடம் சொல்ல வாய் வந்திருந்தால் காத்தவராயன் என்னோடு இருந்திருப்பான்.