முந்நூற்றுப் பத்தாம் பக்கம்

காலை பத்தே காலுக்கு அத்தை போன் செய்தார். என் கணவரின் அம்மா. முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து கட்டிலில் கிடப்பவர் வேலை நேரத்தில் கூப்பிட்டால் கீழே விழுந்துவிட்டார் என்றுதான் நினைக்கத் தோன்றும். பதறிப் போய் எடுத்தேன்.

"ஏம்மா, சாம்பலி கோலை மூணாம் பாகத்துலயே அடுப்புல போட்டுட்டாளே. இப்ப இடுப்புலேருந்து எப்படி உருவுறா?"

அவர் விழுந்திருந்தால்கூட இவ்வளவு கலங்கியிருக்க மாட்டேன். இப்படிச் சொல்வது பாவம்தான், ஆனால் உண்மை.

நான் ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்துபவள். சாம்பலி எங்கள் அத்தனை பேருக்கும் சோறு போடும் மந்திரக்காரி. ஆறாவது பாகம் வரை வளர்ந்துவிட்ட ஒரு மாயக்கதையின் நாயகி. மூன்றாம் பாகத்தின் முடிவில், சிறைப்பட்ட தம்பியை மீட்பதற்கு விலையாகத் தன் மந்திரக்கோலைத் தானே இரண்டாக முறித்து அடுப்பில் போடுகிறாள். படித்து அழாதவர்கள் கிடையாது. நானும் அழுதேன், அழுதுகொண்டே இரண்டு ஒற்றுப்பிழைகளைத் திருத்தினேன். நான்கிலும் ஐந்திலும் வெறுங்கையோடு திண்டாடினாள். இப்போது ஆறாம் பாகத்தில், முந்நூற்றுப் பதினோராம் பக்கத்தில், கடைசிப் போர் தொடங்கும்போது, 'சாம்பலி இடுப்பிலிருந்த கோலை உருவினாள்' என்று இருக்கிறது.

எழுதியவர் கவனிக்கவில்லை. முதலாளி கவனிக்கவில்லை. மூன்று முறை படித்த நான் 'உருவினாள்' என்பதில் எழுத்து சரியா என்று பார்த்தேனே தவிர, எதை உருவினாள் என்று பார்க்கவில்லை. 'பிழையில்லை' என்று கையெழுத்தும் போட்டுவிட்டேன். பன்னிரண்டு மணிக்குக் கோப்பு அச்சகத்துக்குப் போக வேண்டும்.

முதலாளி அறைக்கு ஓடினேன். அத்தையைப் பற்றி மூச்சுவிடவில்லை. பொழுது போகட்டும் என்று மெய்ப்பை அவரிடம் கொடுத்திருந்தேன்; அதை வீட்டுக்குக் கொண்டுபோவது எங்கள் அலுவலகத்தில் கொலைக்கு அடுத்த குற்றம்.

"பெரியவரைக் கேட்டுடலாமே சார்."

பெரியவர் என்றால் எழுத்தாளர். வேறு பெரியவர்கள் எங்களுக்கு இல்லை.

"அவர் ஃபிளைட்ல இருக்கார். சாயங்காலம்தான் இறங்குவார். அவரைக் கேக்காம ஒரு கமாகூட நகரக்கூடாது, தெரியும்ல?"

தெரியாமல் என்ன? எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவர் 'சிரித்தாள்' என்பதைப் 'புன்னகைத்தாள்' என்று மாற்றினார். அன்று மதியச் சாப்பாட்டை வேலை போய்த் தன் வீட்டில்தான் சாப்பிட்டார்.

"அச்சடிக்கிறதை ஒரு நாள் தள்ளிப்போடலாமா?"

"இன்னிக்கு விட்டா மூணு வாரத்துக்கு மெஷின் கிடைக்காது. விழாவுக்கு மண்டபம் சொல்லியாச்சு."

"அப்ப இப்படியே போகட்டுமா?"

"போனா வாசகர்கள் கிழிச்சுத் தோரணம் கட்டிடுவாங்க."

"அப்ப மாத்தவா?"

"நான் மாத்தச் சொல்லல."

"என்னதான் சார் பண்றது?"

"கையெழுத்துப் போட்டது நீங்கதானே? பாத்துக்கோங்க." அடிக்காத போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். அந்தப் போனை அவர் தலையிலேயே போடத் தோன்றியது.

பக்கங்களைக் கோக்கும் தம்பி கணினியை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னான்: "கோலையே எடுத்துட முடியாதுக்கா. அடுத்த நாப்பது பக்கமும் அதைத்தான் சுழட்டுறா. வேணும்னா முந்நூத்திப் பத்துல அத்தியாயம் முடியுற இடத்துல ரெண்டு வரி காலியா இருக்கு. மூணாவது வரி போட்டீங்க, மொத்தமும் தள்ளிடும்."

இரண்டு வரி. எரிந்துபோன கோல் அதற்குள் திரும்பி வர வேண்டும்.

தண்ணீர் குடித்தேன். மாடிப்படியில் ஏறினேன், இறங்கினேன். மறுபடி தண்ணீர் குடித்தேன். பத்தொன்பது வருடங்களாக மற்றவர்களின் வரிகளில் மேய்ந்திருக்கிறேன். சொந்தமாக ஒரு வரி எழுதியதில்லை. எழுத ஆசை இருந்ததா என்று கேட்டால் இருந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை, அவ்வளவுதான். பதினொன்று நாற்பதுக்கு, படிக்கட்டிலேயே உட்கார்ந்து, சிவப்புப் பேனாவால் உள்ளங்கையில் எழுதினேன்:

'கோல் எரிந்தது உண்மை. பிடித்துப் பழகிய கை எரியவில்லையே. கை கேட்டது, கோல் வந்தது.'

தம்பியிடம் கையை நீட்டினேன். படித்துப் படித்துத் தட்டினான். சரியாக இரண்டு வரி. கோப்பு போய்விட்டது.

அதன்பின் மூன்று வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. பெரியவரிடம் சொல்லிவிடலாம் என்று ஒருநாள், சொல்லாமல் வேலையை விட்டுவிடலாம் என்று ஒருநாள். அவருக்கு முதல் பிரதி போன அன்று, முதலாளி அறையில் போன் அடித்த போதெல்லாம் மேசை இழுப்பறையைக் காலி செய்யத் தொடங்கினேன். மூன்று முறை காலி செய்து மூன்று முறை நிரப்பினேன். அத்தையிடம் மட்டும் உண்மையைச் சொல்லியிருந்தேன்.

"தைரியமா இரு. அவர் என்ன உன்னை முழுங்கிடுவாரா?" என்றார். சம்பளம் போனால் வீட்டு வாடகையை யார் தருவார் என்பதை அவர் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

வெளியீட்டு விழாவுக்கு ஊன்றுகோலோடு கூடவே வந்தார் அத்தை. மண்டபம் பிதுங்கியது. பெரியவர் புத்தகத்தைப் பிரித்து, "ஒரு பக்கம் படிக்கிறேன்" என்றார். பிரித்த இடம் நடுவுக்கும் அப்பால் இருந்தது. என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து போகவும் வழியில்லை. அத்தை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

முந்நூற்றுப் பத்தைத்தான் படித்தார். கடைசி இரண்டு வரிகளுக்கு வந்ததும் நிறுத்தினார். போச்சு என்று நினைத்தேன். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அந்த வரிகளை மட்டும் மெதுவாக இன்னொரு முறை படித்தார். கைதட்டல் ஓய நேரமாயிற்று.

முன்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, அந்த வரி எப்படி வந்தது என்று கேட்டாள்.

"அந்த வரிக்காக மூணு மாசம் அலைஞ்சேன்மா. அது இல்லேன்னா இந்தப் பாகமே இல்ல. ஏழாம் பாகம் முழுக்க அதுலேருந்துதான் வருது."

அவர் முகத்தை உற்றுப் பார்த்தேன். பொய் சொல்லும் முகமாக இல்லை. தான்தான் எழுதினோம் என்று மனதார நம்பியிருந்தார். வேலை பிழைத்தது. நிம்மதியாக மூச்சுவிட்டிருக்க வேண்டும். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. மூன்று மாசமாம்! பதினைந்து நிமிஷம்தான், அதுவும் படிக்கட்டில்.

அத்தை ஊன்றுகோலை ஊன்றி எழப் பார்த்தார். "நான் கேக்குறேன்..."

"ஐயோ அத்தை, உக்காருங்க. கையில கால்ல விழறேன்."

முனகிக்கொண்டே உட்கார்ந்தார். விழா முடிந்ததும் பெரியவரிடம் கையெழுத்து வாங்க வாசல்வரை வரிசை நின்றது. அத்தையின் மடியிலும் ஒரு பிரதி இருந்தது. காசு கொடுத்து வாங்கியது.

"குடுங்க, நான் போய் வாங்கிட்டு வரேன்."

"எதுக்கு?" என்றார். முந்நூற்றுப் பத்தாம் பக்கத்தைப் பிரித்து என் மடியில் வைத்தார். "அவர் எழுதினதுல அவர் போடட்டும். இதுக்குக் கீழ நீ போடு."

"முதலாளி பாக்குறார் அத்தை."

"பாக்கட்டும்."

உண்மையிலேயே பார்த்துக்கொண்டுதான் இருந்தார். என் பைக்குள் சிவப்புப் பேனா மட்டும்தான் இருந்தது. 'பிழையில்லை' என்று எழுதிப் பழகிய கை, அந்த இரண்டு வரிகளுக்குக் கீழே போய் நின்றது. பிறகு என் பெயரை எழுதினேன்.