தெற்கு கேலரி எழுந்து போனது

ஆரோக்கியதாஸ் ஒருவரைத் திட்டினால் பயப்பட வேண்டியதில்லை. கையில் இருப்பதைத் தூக்கி எறிந்தாலும் பயமில்லை, சாயங்காலத்துக்குள் அவனே தேடி வந்து டீ வாங்கிக் கொடுத்துவிடுவான். அவன் மரியாதை கொடுக்க ஆரம்பித்தால்தான் ஆபத்து. நாற்பது வருஷமாக 'டேய் சிவா' என்று கூப்பிட்டு வந்த சிவசங்கரிடம், போன ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை 'சரிங்க சார்' என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தான். அன்றைக்கே சிவசங்கர் சுதாரித்திருக்க வேண்டும். மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்தவனுக்கு அதெல்லாம் எங்கே காதில் விழப்போகிறது?

இருவரும் ஒரே பிளாக்கில், பக்கத்துப் பக்கத்து குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்கள். இருவருடைய அப்பாக்களும் நெய்வேலி நிலக்கரி மைன்ஸில் ஒரே ஷிஃப்டில் இறங்கி ஒரே பஸ்ஸில் திரும்பியவர்கள். தாஸ் அப்பாவின் வழியிலேயே போய் கன்வேயர் பெல்ட் பிரிவில் சேர்ந்தான். சிவசங்கர் சென்னைக்குப் படிக்கப் போனான், அங்கேயே ஏதேதோ கம்பெனியில் இருந்தான், பிறகு நெய்வேலி ரேஞ்சர்ஸ் கால்பந்து அணிக்கு மேனேஜராகத் திரும்பி வந்தான். அணியின் முதலாளி சென்னைக்காரர். மூன்று வருஷத்துக்கு முன்னால் ரேஞ்சர்ஸ் மாநிலத்தின் முதல் டிவிஷனுக்கு ஏறியபோது டவுன்ஷிப்பே கொண்டாடியது. தாஸ் சிவசங்கரைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்தான். நாற்பத்தெட்டு வயதில் அது அவன் முதுகுக்கு நல்லதில்லை என்று மனைவி லூசியம்மாள் ஒரு வாரம் தைலம் தேய்த்துக்கொண்டே ஏசினாள்.

அப்போதெல்லாம் ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை நாலரை மணிக்கு. முதல் ஷிஃப்ட் இரண்டு மணிக்கு விடும். குளித்து, சாப்பிட்டு, பெண்டாட்டி பிள்ளைகளோடு நடந்து வந்தால் நேரம் சரியாக இருக்கும். இரண்டாவது ஷிஃப்டில் மாட்டியவர்கள் யாரிடமாவது கெஞ்சி மாற்றிக்கொள்வார்கள். அப்படி மாற்றிக் கொடுத்துக் கொடுத்தே தாஸ் பெயர் வாங்கியவன். கோல் கம்பத்துக்குப் பின்னால் இருந்த தெற்கு கேலரியில் மொத்தம் பதினோரு சிமெண்டுப் படிகள். நடுப்படியில் அவன் டிரம்மோடு நிற்பான். பர்மனென்ட், கான்ட்ராக்ட், ஆபீசர் வீட்டுப் பிள்ளை என்ற பேதமெல்லாம் அந்தப் படியில் கிடையாது, எல்லோரும் அவன் அடிக்கு ஏற்பத்தான் கத்த வேண்டும்.

மூன்றாவது வருஷம் டிவிக்காரர்கள் வந்தார்கள். ஆட்டம் வாரநாளுக்கு மாறியது, இரவு ஏழரை மணிக்கு. சென்னையில் ஆபீஸ் விட்டு வீடு சேர்ந்து கைகால் கழுவிவிட்டு டிவி முன்னால் உட்காருகிறவனுக்கு அது தோதான நேரம். நெய்வேலியில் காலை ஆறு மணி ஷிஃப்டுக்குப் போகிறவன் நாலரைக்கே எழுந்தாக வேண்டும், அவன் எப்படி ஒன்பதரை வரை மைதானத்தில் உட்காருவான்? இரண்டாவது ஷிஃப்ட்காரன் பத்து மணி வரை சுரங்கப் பள்ளத்துக்குள் கிடக்கிறான். நைட் ஷிஃப்ட்காரனுக்கு ஒன்பது மணிக்கு பஸ். குறிஞ்சிப்பாடிப் பக்கத்து கிராமத்திலிருந்து வரும் தனகோடிக்கு ஆட்டம் பாதியில் இருக்கும்போதே கடைசி பஸ் கிளம்பிவிடும். அவன் கான்ட்ராக்ட் வேலைக்காரன், தாஸின் நண்பன், மூன்று வருஷத்தில் ஒரு ஆட்டத்தையும் விடாதவன். பெண்கள் வருவது முதலில் நின்றது. பிறகு பிள்ளைகள். மூவாயிரம் பேர் இருந்த இடத்தில் இருநூறு பேர் ஆனார்கள். நகரத்தில் உட்கார்ந்து பேசுகிறவர்கள் இந்தக் காலத்து ஜனங்களுக்கு ஆர்வம் குறைந்துவிட்டது என்று சொன்னார்கள். ஆர்வம் எங்கும் போகவில்லை, அதை எந்த ஷிஃப்டில் வைத்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை.

ஆட்டத்தைப் பழையபடி ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கே வைக்கச் சொல்லி தாஸ் மனு எழுதினான். மூன்று வாரம் ஒவ்வொரு பிளாக்காக அலைந்து அறுநூற்றுப் பதினோரு கையெழுத்து வாங்கினான். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அவரவர் ஷிஃப்ட். அதை எடுத்துக்கொண்டு தனகோடியோடு கிளப் ஆபீசுக்குப் போனபோது இரண்டு மணி நேரம் வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். உள்ளே கூப்பிட்டபோது சிவசங்கரோடு சென்னையிலிருந்து வந்த டிவி ஆட்கள் இருந்தார்கள். அவன் மனுவை வாங்கி, முதல் பக்கத்தைக்கூட முழுதாகப் பார்க்காமல் மேஜையில் போட்டான்.

"தாஸண்ணே, நீங்க இல்லாமயும் மேட்ச் நடக்கும். கேமரா இல்லாமதான் நடக்காது" என்றான்.

டிவி ஆட்கள் சிரித்தார்கள். பையன் டீ கொண்டுவந்தான். சிவசங்கர் தன் கிளாஸைக் கையெழுத்துகளின் மேல் வைத்தான். டீ வழிந்து தனகோடியின் பெயர் ஊறிப் போனது. ஒவ்வொரு எழுத்தாக யோசித்துப் போட்ட கையெழுத்து அது. தனகோடி அதைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தான். அந்தத் தலை குனிந்ததை தாஸால் பொறுக்க முடியவில்லை. அப்போதுதான் அந்த 'சரிங்க சார்'.

வெளியே வந்ததும் தனகோடி, "வுடு தாஸு, போவட்டும்" என்றான். தாஸ் விடவில்லை. அன்றிலிருந்து மைதானத்துப் பக்கமே போகவில்லை, டிரம்மைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான். பெல்ட் ஓடுகிற சத்தத்தில் நின்றுகொண்டு ஆறு மாதம் சிவசங்கரை மனசுக்குள் வறுத்தெடுத்தான். சாப்பிடும்போதும் அதே நினைப்பு. மாதா கோயிலில் மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் நடந்தபோது எழுந்து வெளியே போய் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றான். அவனுக்குத் தேவை ஒரு சந்தர்ப்பம். அதை சிவசங்கரே வீடு தேடிக் கொண்டுவந்து கொடுத்தான்.

பிப்ரவரியில் ஒரு நாள் மத்தியானம் சிவசங்கர் குவார்ட்டர்ஸ் வாசலில் பைக்கை நிறுத்தினான். கையில் ஆப்பிள் பை. லூசியம்மாள் காபி கொடுத்தாள். அவன் சுற்றி வளைத்து விஷயத்துக்கு வந்தான். டிவியில் ஒவ்வொரு முறை கேமரா திரும்பும்போதும் காலிப் படிக்கட்டுதான் தெரிகிறதாம். காலிப் படிக்கட்டுக்கு முன்னால் தங்கள் பெயர்ப்பலகை நிற்பதை எந்தக் கம்பெனியும் விரும்பவில்லையாம். கோயம்புத்தூர் பம்ப்செட் கம்பெனிக்காரர் ஒருவர் கடைசி ஆட்டத்துக்கு வருகிறார். கேலரி நிறைந்திருப்பதை அவர் கண்ணால் பார்த்துவிட்டால் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்து. இல்லாவிட்டால் முதலாளி அணியைக் கோயம்புத்தூருக்கே மாற்றிவிடுவார், நெய்வேலிக்கு முதல் டிவிஷனும் இல்லை, சிவசங்கருக்கு வேலையும் இல்லை.

"நீ டிரம்ம எடுத்தா ஊரே வரும்ணே. எனக்காக வேணாம், டீமுக்காக" என்றான்.

தாஸ் காபியைக் குடித்து முடித்தான். ஆட்டம் எப்போது, எத்தனை மணிக்கு என்று கேட்டான். வியாழக்கிழமை, ஏழரை.

"கூட்டிகினு வர்றேங்க சார்."

சிவசங்கர் அவன் கையைப் பிடித்துக்கொண்டான், கண்கூடக் கலங்கியது. பைக் சத்தம் மறைந்ததும் லூசியம்மாள் கணவனின் முகத்தைப் பார்த்தாள். இருபத்தைந்து வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. என்ன செய்யப்போகிறாய் என்று விடாமல் கேட்டு வாங்கினாள்.

"அவன் பொழப்புல மண்ணு வுழட்டும், சரி. டீமு உன்துதான? அதையும் சேத்துப் பொதைக்கிறியே" என்றாள்.

தாஸுக்குத் தெரியாததா? ரேஞ்சர்ஸ் போய்விட்டால் மறுபடி முதல் டிவிஷன் இந்த ஊருக்கு வர இன்னும் ஒரு தலைமுறை ஆகும். தெரிந்தேதான் செய்தான். சிவசங்கரை அழவைக்க அதைவிட மலிவான வழி இருந்திருந்தால் அதை எடுத்திருப்பான்.

அவன் செய்தது மிக எளிது. அந்த வாரம் நைட் ஷிஃப்டில் இருக்கிறவர்களை மட்டும் கூப்பிட்டான். மைன்ஸ், அனல்மின் நிலையம், ஒர்க்‌ஷாப் என்று எல்லா இடத்திலும் ஆள் சொல்லி அனுப்பினான். மனுவில் டீ கொட்டிய கதை ஏற்கெனவே எல்லோருக்கும் தெரியும், அதை மறக்காதவர்கள்தான் வந்தார்கள். அவனே முதல் ஷிஃப்டிலிருந்து நைட்டுக்கு மாற்றிக்கொண்டான். தனகோடியும் மாற்றிக்கொண்டான். விடியற்காலையில் வேலை முடிந்து வீடு போகிறவனுக்குக் கடைசி பஸ் கவலை கிடையாது.

வியாழக்கிழமை ஏழு மணிக்கு எண்ணூறு பேர் தெற்கு கேலரியில் ஏறினார்கள். ஒவ்வொருவர் தோளிலும் ஷிஃப்ட் பை, பைக்குள் சாப்பாட்டு டப்பா, கையில் ஹெல்மெட். சிவசங்கரின் அப்பா முப்பத்து நாலு வருஷம் அதே பையைத் தூக்கியவர், அவர் பார்த்திருந்தால் படியேறும்போதே விஷயம் புரிந்திருக்கும். பிள்ளைக்குப் புரியவில்லை. தொழிலாளர் ஊர் என்று காட்டத்தான் ஹெல்மெட்டோடு வந்திருக்கிறார்கள் என்று கோயம்புத்தூர்க்காரரிடம் பெருமையாகச் சொன்னான். கேமராக்காரனிடம் ஹெல்மெட்டுகளைக் கிட்டத்தில் காட்டச் சொன்னான். கோயம்புத்தூர்க்காரர் போனில் போட்டோ எடுத்துக்கொண்டார்.

தாஸ் டிரம்மை அடித்தான். ஆறு மாதம் அடிக்காத கை. முதல் அடியிலேயே உடம்பு சிலிர்த்துவிட்டது, அதற்காகத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. நடிக்கத்தான் வந்தான், நடிக்க முடியவில்லை. தூத்துக்குடிக்காரர்கள் முதலில் ஒரு கோல் போட்டபோது நிஜமாகவே தொண்டை கிழியத் திட்டினான். இடைவேளைக்குப் பிறகு ரேஞ்சர்ஸ் தெற்கு கோலை நோக்கி ஆடியது. மந்தாரக்குப்பத்துப் பையன் நிலவன் வலது ஓரத்தில் இரண்டு பேரை வெட்டிக்கொண்டு வந்து அடித்த பந்து வலையில் விழுந்தது. ஒன்றுக்கு ஒன்று. நிலவன் வழக்கம்போல ஓடிவந்து கேலரிக் கம்பிவேலியில் ஏறித் தொங்கினான். கோல் போட்டால் அவன் ஓடி வருவது அந்த இடத்துக்குத்தான். அவனுக்கு இருபத்திரண்டு வயது, முதல் டிவிஷனில் ஆடும் ஒரே உள்ளூர்ப் பையன்.

ஒன்பதுக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது நிலவனைப் பெட்டிக்குள் தள்ளி விழச் செய்தார்கள். பெனால்டி.

அதே நேரம் சாலை முனையில் ஷிஃப்ட் பஸ்கள் ஒன்றன் பின் ஒன்றாக வந்து ஹாரன் அடித்தன. கேலரி மொத்தமும் தாஸைப் பார்த்தது. நிலவன் பந்தை எடுத்துப் புள்ளியில் வைத்துக்கொண்டிருந்தான், எழுபதடி தூரம்கூட இருக்காது. இன்னும் ஒரு நிமிஷம் இருந்தால் பார்த்துவிடலாம். பஸ் ஒரு நிமிஷம் நிற்கும். தனகோடியே மெதுவாக, "இத மட்டும் பாத்துட்டுப் போவலாமே" என்றான். தாஸுக்கும் அதுதான் ஆசை. வாய்வரை வந்துவிட்டது. அப்போது எதிர்ப்பக்கம் நாற்காலியில் சிவசங்கர் கோயம்புத்தூர்க்காரரின் தோளில் கை போட்டுக்கொண்டு, கேலரியைக் காட்டிக் காட்டிச் சிரிப்பது தெரிந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் டீ கிளாஸ் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

தாஸ் ஹெல்மெட்டைத் தலையில் வைத்து, டிரம்மைத் தோளில் மாட்டிக்கொண்டு, முதுகைத் திருப்பினான். எண்ணூறு பேரும் திரும்பினார்கள். பேச்சு இல்லை, கூச்சல் இல்லை, படிகளில் செருப்புச் சத்தம் மட்டும்தான்.

கேட்டருகே சிவசங்கர் மூச்சிரைக்க ஓடிவந்து மறித்தான். சட்டை வெளியே வந்திருந்தது.

"அண்ணே, இன்னும் கால் மணி நேரம்தாண்ணே. என் பொழப்புண்ணே."

"ஷிஃப்டுக்கு டைம் ஆயிடுச்சுங்க சார்" என்றான் தாஸ். ஆறு மாதமாக அவன் காத்திருந்த முகம் அது. அதை நன்றாக, அவசரப்படாமல் பார்த்தான். வயிறு குளிர்ந்தது. பின்னால், தூத்துக்குடிக்காரர்கள் ரெஃப்ரீயிடம் வாதாடி ஓய்ந்த பிறகு, பெனால்டிக்கு விசில் கேட்டது. திரும்பிப் பார்க்க வேண்டும் என்று கழுத்து நரம்பு இழுத்தது. திரும்பவில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தான். மைதானத்திலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை, கத்துவதற்கு அங்கே ஆள் இல்லையே.

மறுநாள் அந்தக் காட்சி எல்லோர் போனிலும் இருந்தது. கேன்டீனில் ஒருவன் போனை டம்ளரில் சாய்த்து வைத்தான், இருபது பேர் சுற்றி நின்று பார்த்தார்கள். எண்ணூறு முதுகுகள் படியிறங்கின. கோயம்புத்தூர்க்காரர் எழுந்து நின்றார். கேன்டீனே கைதட்டியது, தாஸின் முதுகில் அறைந்தார்கள். அடுத்து நிலவன் பந்தை உதைத்தான், கோல். அவன் பழக்கத்தில் வேலியை நோக்கி ஓடிவந்தான். பாதி தூரத்தில் கால் தானாக நின்றது. இரண்டு கையும் மேலே தூக்கியபடி காலிப் படிகளைப் பார்த்துக்கொண்டு நின்றான், பிறகு கைகளைக் கீழே இறக்கினான். கைதட்டல் நின்றுவிட்டது. இதையும் சிவசங்கர் தலையில்தான் போட வேண்டும் என்று தாஸ் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். இரண்டு மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது.

கோயம்புத்தூர்க்காரர் கையெழுத்துப் போடவில்லை. மார்ச் முடிவதற்குள் அணி கிளம்பிவிட்டது, சிவசங்கரின் வேலையும் போய்விட்டது. அவன் எங்கே போனான் என்று தாஸ் விசாரிக்கவில்லை, கேள்விப்பட்ட அன்று மட்டும் இரண்டு தட்டு பிரியாணி சாப்பிட்டான்.

ஏப்ரலில் ஒரு நாள் முதல் ஷிஃப்ட் முடிந்து வரும்போது ஆர்ச் கேட் பஸ் ஸ்டாப்பில் நிலவன் நின்றுகொண்டிருந்தான். காலடியில் பெரிய பை. இனிமேல் கோயம்புத்தூரில்தான் தங்கல் என்றான். தாஸ் டீ சொன்னான். அவன் வேண்டாம் என்றான், பஸ் வந்துவிடுமாம். கோபத்தில் ஏதாவது பேசுவான் என்று தாஸ் காத்திருந்தான். பேசியிருந்தால் பதிலுக்குப் பேச அவனிடம் நிறைய இருந்தது.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும்" என்றான் நிலவன். "எல்லாரும் போனது செரிதான். எங்கப்பாவும் அந்தக் கூட்டத்துலதான் வந்தாரு. நீங்க மட்டும் ஒருவாட்டி திரும்பிப் பாத்திருப்பீங்கன்னு நெனச்சிகினு இருக்கேன். நான் போட்டத பாத்தீங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம், பையன் சந்தோஷமாக பஸ் ஏறியிருப்பான். தாஸுக்குப் பொய் வரவில்லை.

"இல்லப்பா" என்றான். "போன்லதான் பாத்தேன்."