ரூபி அக்கா வீட்டு ஏசியும் ஹாலில் எழுந்த மேடும்

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குக் கால் தடுக்கிக் கிடைத்தது. திண்டுக்கல்லில் எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டு ஹாலில், புத்தம்புது மரத்தரையின் நடுவில் இடித்துக்கொண்டேன். அந்த வீட்டம்மா வருடம் தவறாமல் எனக்குக் கிறிஸ்துமஸ் கேக் கொடுப்பவர். ஆகவே பெயரை ரூபி என்று மாற்றிவிட்டேன். கேக் முக்கியம்.

முதலில் எழுதிய தொடக்கம்: "மலைக்கோட்டைக்குப் பின்னால் சூரியன் மெல்ல..."

வேண்டாம். தரைக்கு வருவோம்.

2

தரை போட வந்தவர் முனீர். பலகைகளைப் பெட்டியோடு ஹாலில் பரப்பி வைத்துவிட்டுச் சொன்னார்:

"அக்கா, ரெண்டு நாளு இது இங்கனயே கெடக்கட்டும். மரம் காத்துல உள்ள ஈரத்தக் குடிச்சா உப்பும், காஞ்சா சுருங்கும். நீங்க தெனமும் எப்படி இருப்பீங்களோ, வீட்ட அப்படியே வைங்க. ஏசி ஓடுமா?"

ரூபி சொல்லியிருக்க வேண்டிய பதில்: "விருந்தாளி வந்தா ஓடும் தம்பி." மற்ற நாளெல்லாம் ஏசிக்குப் பூப்போட்ட உறை, ரிமோட்டுக்கு பீரோ.

ரூபி சொன்ன பதில்: "ராப்பகலா ஓடும் தம்பி. அது இல்லாம எங்களுக்குத் தூக்கமே வராது."

(அடிக்குறிப்பாக வர வேண்டியது: ஏன் இந்தப் பொய்? மகள் ஜீவிதாவைப் பெண் பார்க்கச் செம்பட்டியிலிருந்து வரப்போகிறார்கள். அவர்களுக்காகத்தான் தரையே. மரத்தரை போடுகிற வீட்டில் ஏசி ஓடாது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. எனக்கும் வந்திருக்காது.)

பலகைகள் இரண்டு நாள் ஏசியில் படுத்திருந்தன. ரூபியும் கணவர் மரியராஜும் அடுத்த அறையில் மின்விசிறிக்கடியில் வியர்த்துக் கிடந்தார்கள்.

3

மரியராஜ் எனக்குப் பிடிபடாத ஆள். இரண்டு பக்கம் எழுதியும் மனிதர் வாயே திறக்கவில்லை. கதையிலிருந்தே அடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் தரை போட்டு முடித்த அன்றே ரிமோட்டை பீரோவில் வைத்துப் பூட்ட ஒருவர் வேண்டுமே. இருக்கட்டும்.

மரம் உப்பினால் நகர்வதற்காகச் சுவரோரம் ஒரு சந்து விடுவார்கள். எப்போதும் ஏசி ஓடும் வீடு என்று நம்பிய முனீர் அதைக் குறைத்தே விட்டிருந்தார். பிறகு ஐப்பசி வந்தது. அடைமழை. ஈரத்துணியெல்லாம் ஹாலில் கொடி கட்டித் தொங்கியது. பலகைகள் குடித்தன, உப்பின, சுவரில் முட்டின. போக்கிடம் இல்லாமல் நடுவில் எழுந்து நின்றன, கம்பளத்துக்கடியில் ஆமை படுத்திருக்கிற மாதிரி.

4

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். ஏசி ஓடியது. மேட்டை மறைக்க அதன்மேல் டீப்பாய். அது சாய்ந்து நின்றதில் கேசரித் தட்டு மாப்பிள்ளையின் அப்பா ராயப்பராஜை நோக்கி மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது.

அந்நேரம் பார்த்து முனீர் வந்து நின்றார். முந்தின நாள் போனில் ரூபி போட்ட சத்தம் அப்படி: "என்னா வேல பாத்திருக்கீக தம்பி!"

ராயப்பராஜ் விவரமானவர். தரை போட்டவர் இவர்தான் என்று தெரிந்ததும் குனிந்து பார்த்துவிட்டு முனீரிடம் கேட்டார்:

"செம்பட்டில வீடு கட்டிக்கிட்டு இருக்கேன். ஒங்களையே கூப்புடலாம்னு நெனச்சேன். இது ஏன் இம்புட்டுத் தூக்கிருக்கு? ஒங்க கைவேலதானா?"

முனீர் தரையைத் தட்டிப் பார்த்தார். ஏசியைப் பார்த்தார். அவசரத்தில் கழற்றிய பூப்போட்ட உறை சோபா மேலேயே கிடந்தது. மெதுவாகக் கேட்டார்:

"அக்கா, ஏசி தெனமும் ஓடுச்சா?"

5

ஒரு முடிவு: "ஓடுச்சு தம்பி." ரூபியின் கௌரவம் நிற்கும், முனீரின் பெயர் போகும். எழுதியும் பார்த்தேன். முனீர் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கியது எனக்கே பொறுக்கவில்லை. அடித்துவிட்டேன்.

இன்னொரு முடிவு: ரூபி உண்மையைச் சொல்கிறார். மாப்பிள்ளையின் அம்மா சிரித்து, "எங்க வீட்லயும் உறை போட்டுத்தான் வச்சிருக்கோம்" என்கிறார். எல்லாருக்கும் சந்தோஷம். இவ்வளவு சுலபமாக ஒரு சம்பந்தம் முடிந்து நான் பார்த்ததில்லை.

ஆகவே ரூபி இன்னும் வாயைத் திறந்தபடி நிற்கிறார். ஜீவிதா காபித் தட்டோடு கதவோரம் நிற்கிறாள்.

உங்கள் வீட்டு ஏசி ரிமோட் எங்கே இருக்கிறது? ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வந்து, ரூபி என்ன சொன்னார் என்று நீங்களே சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம். கேசரித் தட்டு விளிம்புக்கு வந்துவிட்டது.