தூக்கில் போட்ட வெள்ளிக்கிழமை

கடலோரத்தில்தான் வீடு வேண்டும் என்று அடம்பிடித்தவன் என் கணவன் கிளேபர். அந்த வீட்டிலிருந்து தினமும் வேலைக்கு ஓட வேண்டியவள் நான். இது மட்டும் அவன் மண்டையில் ஏறவே இல்லை.

ரியோவின் நடு ஊரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். கடைச் சாவி என்னிடம். காலையில் நான் போய் ஷட்டரைத் தூக்கினால்தான் மற்றவர்களுக்கு வேலை. கிளேபருக்கு அந்தத் தொல்லை கிடையாது. வீட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் கட்டட வரைபடம் போடுகிறவன், கட்டிலிலிருந்து இறங்கினால் ஆபீஸ் வந்துவிடும். நாற்பது வயதானதும் அலைச்சறுக்குப் பலகை ஒன்று வாங்கினான். அன்றிலிருந்து துரைக்கு அலை வேண்டும்.

குடியிருந்த வீட்டை உரிமையாளர் விற்கப்போவதாகச் சொல்லிவிட்டார். நான் பிளமெங்கோவில் ஒரு வீடு பார்த்தேன். சின்ன வீடுதான், ஆனாலும் தெருமுனையில் கடற்கரை. மெட்ரோவில் ஏறி மூச்சு வாங்குவதற்குள் கடை வந்துவிடும். கிளேபர் மூக்கைச் சுளித்தான்.

"அது கடலா? சாக்கடை. கால வச்சா புள்ளைக்குச் சொறி வரும். அலை இருக்கா அங்க?"

"அலை ஒனக்குத்தானே வேணும்? எனக்கு மெட்ரோ வேணும்."

அவன் பிடித்துவந்த வீடு வளைகுடாவுக்கு அந்தப் பக்கம், நித்தெரோய் ஊரையும் தாண்டி, பிரத்தினிங்கா கடற்கரையில். அங்கிருந்து பஸ், பஸ்ஸை விட்டு இறங்கினால் படகு, படகை விட்டு இறங்கினால் நடை.

"நானே போய்ப் பாத்துட்டேன் ஜுசாரா. வேலை நாள்லதான், நீ கெளம்புற அதே நேரத்துக்கு. ஒரு மணி நேரங்கூட ஆகல. படகுல சன்னலோர சீட்டு வேற!"

நான் அவனிடம் கேட்டிருந்தது ஒன்றே ஒன்று. எங்கள் மகள் லிவியா காலையில் கண் விழிக்கும்போதும் ராத்திரி தூங்கும்போதும் நான் பக்கத்தில் இருக்க வேண்டும். என் அம்மா இப்பனேமாவில் ஒரு பணக்காரர் வீட்டில், சமையலறைக்குப் பின்னால் ஒரு பொந்தில் தங்கி வேலை செய்தாள். சனிக்கிழமை மதியம் வருவாள், ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்ந்ததும் போய்விடுவாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. அந்த வீட்டுக்காரர்கள்மேல் இன்னும் இருக்கிறது. என் மகளுக்கு நான் சனிக்கிழமை அம்மாவாக இருக்கமாட்டேன் என்று கிளேபரிடம் கல்யாணத்துக்கு முன்பே சொன்னவள் நான்.

ஒரு மணி நேரம் என்றால் சரி, சமாளிக்கலாம் என்று அந்த ஞாயிற்றுக்கிழமை கையெழுத்துப் போடப் போனோம். வீட்டுத் தரகர் இவோனே அம்மா தங்கநிறச் செருப்போடு வாசலிலேயே நின்றாள்.

"வா மகளே, வா! பால்கனிக்குப் போய்ப் பாரு மொதல்ல. இதப் பாத்தப்புறம் யாரும் வேண்டாம்னு சொன்னதில்ல."

பால்கனி அழகுதான், இல்லை என்று சொல்லமாட்டேன். லிவியாவின் செருப்பில் அப்பியிருந்த மணலைத் தட்டிவிட, அங்கேயே குனிந்து அதைக் கழற்றினேன். செருப்பின் அடியில், பள்ளங்களுக்குள், நீலநிறத்தில் என்னவோ இறுகிக் கிடந்தது. நகத்தால் சுரண்டினேன். கலர் உப்பு.

கோர்ப்புஸ் கிறிஸ்தி திருநாள் எப்போதும் வியாழக்கிழமை வரும், ஊருக்கே விடுமுறை. அன்று கோயில் வாசல்களில் கலர் உப்பால் கம்பளம் போடுவார்கள், அதன்மேல் ஊர்வலம் போகும். ஆனால் இந்த வாரம் அந்த வியாழன் முழுக்க லிவியா என்னோடு வீட்டில்தான் இருந்தாள்.

"இத எங்கடி மிதிச்ச?"

"அப்பாகூட படகுக்குப் போனோம்ல, அப்போ. கோயில் வாசல்ல கொஞ்சம் மிச்சம் கெடந்துச்சு. அம்மா, பஸ்ஸுல நாங்க மட்டுந்தான்! நான் ஒவ்வொரு சீட்டா மாறி மாறி ஒக்காந்தேன்."

 வியாழனுக்கு மறுநாள் வெள்ளி. அந்த வெள்ளியை ஊரே தூக்கில் போட்டுவிடும். விடுமுறையை ஞாயிறுவரை இழுத்து ஒட்டுவதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். பள்ளிக்கூடம் இருக்காது, ஆபீஸ் இருக்காது, பஸ் காற்று வாங்கும். எங்கள் கடை முதலாளியைப் போன்ற கஞ்சன்கள் மட்டும் கடை திறப்பார்கள். வேலை நாளாம்! இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவனுக்குத் தெரியாதா?

"கிளேபர், இங்க வா. தூக்குல போட்ட வெள்ளிக்கிழமையா போய்ப் பாத்த?"

அவன் முதலில் மகளைப் பார்த்தான். பிறகு கடலைப் பார்த்தான்.

"அதுக்கு முன்னாடி செவ்வாக்கிழமயும் போனேன். சத்தியமா."

"அன்னிக்கு எவ்ளோ நேரம் ஆச்சு?"

அவன் பால்கனிக் கம்பியைச் சுரண்டினான்.

"கேக்குறேன்ல?"

"முழுசாப் போகல. பஸ்ஸுல நசுங்கிப் போயி எறங்கினா, படகுக்கு வெளி ரோடு வரைக்கும் வரிசை. வெயில் வேற. திரும்பி வந்துட்டேன்."

ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாள்கூட அவனால் வரிசையில் நிற்க முடியவில்லை. திரும்பி வந்து, கூட்டமில்லாத நாளாகப் பார்த்துப் பொறுக்கி, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு உல்லாசமாகப் போய்வந்து, எனக்குக் கணக்குச் சொல்லியிருக்கிறான். 

இவோனே அம்மா நடுவில் புகுந்தாள். "கடல வச்சுக்கிட்டு யாராவது கடிகாரத்தப் பாப்பாங்களா மகளே? பழகிடும்."

"ஒங்களுக்குப் பழகிடுச்சா? எதுல வந்தீங்க, படகுலயா?"

"நான் எங்க படகுல போறது? எனக்கு வேலையே இங்கதானே," என்றாள் அவள், கொஞ்சம் அசடு வழிந்து.

கிளேபர் என் தோளைத் தொட்டான். ரொம்ப நாளாக யோசித்து வைத்திருந்ததை அப்போதுதான் வெளியே விட்டான்.

"கோவப்படாத செல்லம். வாரத்துல நாலு ராத்திரி டவுன்ல ஒன் தங்கச்சி வீட்ல படுத்துக்க. புள்ளய நான் பாத்துக்குறேன். சனி, ஞாயிறு ராணி மாதிரி இங்க வந்து இரு."

என்னிடம், என் வாயிலிருந்தே அம்மாவின் கதையைக் கேட்டவன், இதைச் சொன்னான். கத்த வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். பிள்ளை பக்கத்தில் நின்றாள். லிவியாவுக்குச் செருப்பை மாட்டிவிட்டேன்.

"இவோனே அம்மா, இவரு பேர்ல மட்டும் எழுதுங்க. இவருக்கு அலை கெடச்சாச்சு."

"நீ எங்க போற?" என்றான் கிளேபர்.

"பிளமெங்கோவுக்கு. நானும் எம் பொண்ணும். அந்த வீடு இன்னும் காலியாத்தான் இருக்கு."

"அப்போ நானு?"

லிவியாவின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

"நீ சனிக்கிழமை சனிக்கிழமை வா," என்றேன்.